குரல் கேட்பவரோடு பேசத் தெரிந்த இடம்: ஓர் உளச்சிகிச்சை நிலையத்தைப் பற்றிய மதிப்புரை

என் தம்பிக்கு இப்போது 26 வயது ஆகிறது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி இரவில் கேட்டைச் சாத்தும் ஓசையிலும், பக்கத்து வீட்டு மிக்ஸியின் இரைச்சலிலும் தன்னைப் பற்றிய தகவல் யாருக்கோ அனுப்பப்படுவதாக அவன் நம்பத் தொடங்கினான். சில வாரங்களில், ஆளில்லாத அறையில் ஓர் ஆணின் குரல் அவனை அதட்டத் தொடங்கியது. அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் இதைச் சைக்கோசிஸ் (எது நிஜம், எது இல்லை என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை) என்றும், மனச்சிதைவின் (ஸ்கிட்சோஃப்ரினியா) தொடக்கமாக இருக்கலாம் என்றும் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையும் இருந்தால் நல்லது என்று அவரே சொன்னதால், அடுத்தடுத்து இரண்டு சேவைகளை நாங்கள் நாடினோம். முதலாவதை ஐந்து அமர்வுகளோடு நிறுத்திவிட்டோம். இரண்டாவதில், 2023 மார்ச் தொடங்கி இதுவரை 61 அமர்வுகள் முடிந்திருக்கின்றன. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தைப் பற்றியது.

நிலையத்தின் பெயரையோ சிகிச்சையாளரின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் வழியாகத் தம்பியை அடையாளம் கண்டுகொள்வது எளிது. 1794 இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்த மருத்துவமனை அங்கே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நகரத்தில், அவனுக்கு அந்தச் சுமை வேண்டாம். பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். சைக்கோசிஸ் உள்ள ஒருவருக்காகச் சிகிச்சையாளரைத் தேடி அலைகிற குடும்பங்களுக்கு, எதைக் கவனித்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

முதலில் பயன்படுத்தியது கைப்பேசி வழியாக ஆலோசனை தரும் ஒரு சேவை. அங்கே எங்களுக்கு அமைந்த ஆலோசகர் கெட்டவர் அல்லர். மென்மையாகப் பேசினார், நேரம் தவறியதில்லை. ஆனால் பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் வருபவர்களுக்குச் செய்வதையே என் தம்பிக்கும் செய்தார். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அஞ்சுகிறவனைக் கேமராவின் முன் அமர வைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கண்ணை மூடியதும் அவனுக்குக் குரல் மட்டுமே மிஞ்சியது. கேட்டின் ஓசையில் செய்தி ஏதும் இல்லை என்பதற்கான ஆதாரங்களை மூன்றாவது அமர்வில் அவனையே பட்டியலிடச் சொன்னார். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நான்காவதில் அம்மாவைத் தனியே அழைத்து, பிள்ளையைச் சிறுவயதில் மிகவும் கண்டித்து வளர்த்தீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி அம்மாவைப் பல மாதங்கள் தூங்கவிடவில்லை.

அதன்பின் நான் பல நிலையங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். சைக்கோசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும், ‘அதற்கு மருந்துதான், நாங்கள் அத்தகையவர்களைப் பார்ப்பதில்லை’ என்று சொல்லி வைத்துவிட்டவர்கள் அதிகம். இந்தத் தயக்கத்துக்குப் பழைய வேர் இருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இத்தகைய நோயாளி மருத்துவரோடு உணர்வுப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ள மாட்டார், ஆகவே தன்னுடைய உளப்பகுப்பாய்வு முறை அவருக்குப் பயன்படாது என்று கருதியவர் சிக்மண்ட் பிராய்டு. அந்தக் கருத்தை ஏற்காமல், இவர்களோடு பொறுமையாக உட்கார்ந்து பேச முடியும் என்று செய்து காட்டியவர்களுள் ஒருவர் பிரீடா பிராம்-ரைக்மன். ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1935 இல் அமெரிக்கா சென்று, மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில்லில் இருந்த செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மருத்துவமனையில் 1957 இல் இறக்கும்வரை பணியாற்றியவர். நோயாளிகளை அவ்வளவு மதிப்போடு நடத்திய அதே மருத்துவர்தான், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற சொற்றொடரை 1948 இல் எழுதி, பல தலைமுறைத் தாய்மார்கள் மீது பழியேற வழிசெய்தார் என்பதைப் படித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. ஆய்வுகள் அந்தக் கருத்தைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அது ஓர் ஆலோசகரின் வாய்வழியாக எங்கள் வீட்டுக் கூடம்வரை வந்துசேர்ந்தது.

இரண்டாவது நிலையம், குடியிருப்புத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் முதல் மாடியில் இயங்குகிறது. பெயர்ப்பலகை சிறியது, படியேறிப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று தெருவில் நிற்பவர்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்க்கும் சிகிச்சையாளர் மருத்துவ உளவியலில் எம்.பில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். பதிவெண் அறையின் சுவரில் இருக்கிறது, கேட்டாலும் சொல்கிறார்கள். ‘கவுன்சலிங்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலை இருப்பதால், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. அவர் மருந்து எழுதித் தர முடியாது என்பதையும், மருந்து பற்றிய முடிவு மனநல மருத்துவருடையது என்பதையும் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த முதல் நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அதுவரை நாங்கள் போன எல்லா இடங்களிலும், தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்து ‘இவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா’ என்று கேட்டே பழகியிருந்தார்கள். நானும் பதில் சொல்லியே பழகியிருந்தேன். இவர் அவன் முகத்தைப் பார்த்து, ‘நீங்கள் எங்கே உட்கார விரும்புகிறீர்கள்’ என்று கேட்டார். அவன் கதவுக்கு அருகில் இருந்த நாற்காலியைக் காட்டினான். அவர் தன் நாற்காலியை நேர் எதிரே போடாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்து வைக்கட்டுமா சாத்தட்டுமா என்றும் கேட்டார். குறிப்பேட்டை எடுத்தபோது, தான் என்ன எழுதுகிறார் என்பதைச் சொல்லிவிட்டு எழுதினார், எழுதியதை அவனிடம் காட்டினார். நான் வாய் திறந்த இரண்டு முறையும், ‘அக்கா சொல்வது சரியா’ என்று அவனிடம் திரும்பிக் கேட்டார். ஐம்பது நிமிட அமர்வை அவன் களைத்துப்போனதைப் பார்த்து இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு, கட்டணத்தில் பாதியை மட்டுமே வாங்கச் சொன்னார். முதல் இரண்டு மாதமும் அமர்வுகள் அப்படிக் குறுகியவையாகவே நடந்தன. அவற்றில் அவர் நோயைப் பற்றி அதிகம் பேசவில்லை. கிரிக்கெட்டைப் பற்றியும், அவன் வேலை பார்த்த அலுவலகத்தைப் பற்றியும், எங்கள் தெருவின் நாய்களைப் பற்றியும்தான் பேசினார்களாம். பணத்தை வீணாக்குகிறோமோ என்று அப்போது எனக்குக் கவலையாக இருந்தது. அவர் அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது வெகுநாள் கழித்தே புரிந்தது: அவனை நம்ப வைக்கவில்லை, தன்னை நம்பலாமா என்று அவனே சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தார்.

குரலைப் பற்றிய பேச்சு வந்தபோது அவர் நடந்துகொண்ட விதம்தான் இந்தச் சேவையின் உயிர் என்று நினைக்கிறேன். வீட்டில் எங்களுக்கு இரண்டே வழிகள் தெரிந்திருந்தன. ‘அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் உன் மனப்பிரமை’ என்று அடித்துச் சொல்வது ஒன்று. இரவு இரண்டு மணிக்குச் சண்டையைத் தவிர்ப்பதற்காக ‘ஆமாம், காவலாளியிடம் பேசுகிறேன்’ என்று தலையாட்டுவது மற்றொன்று. முதலாவது அவனைத் தனியனாக்கியது. இரண்டாவது அவனுடைய அச்சத்தை உறுதிப்படுத்தியது. சிகிச்சையாளர் இரண்டையும் செய்யவில்லை. ‘எனக்கு அது கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். அது கேட்கும்போது உங்களுக்கு என்ன ஆகிறது?’ என்று கேட்டதாகத் தம்பி பிறகு என்னிடம் சொன்னான். அதை நீ எப்படிக் குறிப்பிடுவாய் என்று அவர் கேட்க, ‘அந்தச் சத்தம்’ என்று அவன் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவரும் ‘அந்தச் சத்தம்’ என்றுதான் சொல்கிறார். நோய்க்குறிகளுக்கான ஆங்கிலப் பெயர்களை அவர் அவனிடம் உச்சரித்ததே இல்லை. சத்தம் எந்த நேரத்தில் வருகிறது, யார் வீட்டில் இருக்கும்போது குறைகிறது, அது இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் இருந்த நாளில் உண்மையிலேயே ஏதாவது நடந்ததா என்பவற்றை இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதிவந்தார்கள். அவன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் பட்ட அவமானத்துக்கும் அந்தக் குரலின் தொனிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தது அவர் அல்லர், அவன்தான். அந்தக் கண்டுபிடிப்பை அவர் அவனுக்கே விட்டுவைத்தார். சத்தம் இன்னும் போகவில்லை. ஆனால் அது வந்துகொண்டிருக்கும்போதே அவனால் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவர முடிகிறது.

இவர் செய்வது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், துன்புறுத்தப்படுவதாக நம்பிய ஒரு நோயாளியோடு பேசியே நிவாரணம் கண்டதை 1952 இலேயே கட்டுரையாக எழுதியிருக்கிறார். நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரும் சாண்ட்ரா எஷர் என்ற பத்திரிகையாளரும் 1980 களின் பிற்பகுதியிலிருந்து, குரலை ஒழிப்பதைவிட அதன் பொருளையும் அதனோடு உள்ள உறவையும் கேட்டறிவதே முதல் வேலை என்று சொல்லிவந்தார்கள். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை தரலாம் என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், சைக்கோசிஸ் உள்ளவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின் வழியே ஆராயும் முறை) குறைந்தது 16 அமர்வுகளாகத் தனிநபராகத் தர வேண்டும் என்றும், குடும்பத்துக்கான சிகிச்சையை மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையிலான காலத்தில் குறைந்தது 10 அமர்வுகளாக நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்து அமர்வு, எட்டு அமர்வு என்று சலுகை விலையில் ‘பேக்கேஜ்’ விற்கும் இடங்களைப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கைகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

என்னுடைய பெரிய மனத்தாங்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பணம் கட்டுவது நான்; விடுப்பெடுத்து அழைத்துப் போவதும் நான். ஆறாவது மாதத்தில், உள்ளே என்னதான் பேசுகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவன் அனுமதி இல்லாமல் சொல்ல முடியாது என்றார். அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் உடனே சொல்வேன், மற்றவை அவனுடையவை என்றார். நான் கோபமாகப் பேசிவிட்டு வந்தேன். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தனிப்பிரிவாகவே வைத்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவர் தம்பியின் சம்மதத்தோடு என்னை உள்ளே அழைத்து, எதையெல்லாம் அக்காவிடம் சொல்லலாம் என்று அவனையே பட்டியலிட வைத்தார். நான் தெரிந்துகொள்ள விரும்பியதில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில் இருந்தது. கேட்கும் முறைதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் தவறும் செய்திருக்கிறார். ஒருமுறை அவன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அவர் சிரித்துவிட்டார். ஏளனமாகச் சிரிக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். ஆனால் எல்லா முகங்களிலும் ஏளனத்தைத் தேடிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று வாரம் அவன் போகவில்லை. அவரும் தன்னைக் கண்காணிப்பவர்களோடு சேர்ந்தவர்தான் என்றான். நிலையத்திலிருந்து வற்புறுத்தி யாரும் அழைக்கவில்லை. அவன் பெயருக்குக் கையால் எழுதிய ஒரு கடிதம் மட்டும் வந்தது. அவன் திரும்பிப் போன நாளில் அவர் முதலில் பேசிய விஷயம் அந்தச் சிரிப்புத்தான் என்றும், அது தன்னுடைய தவறு என்றும், அந்த நேரத்தில் தன் மனத்தில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொன்னார் என்றும் தம்பி சொன்னான். நோய் வந்தபின் அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போன நாங்களும் கேட்கவில்லை, ஊசி போடக் கையைப் பிடித்து அழுத்தியவர்களும் கேட்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகுதான் சிகிச்சை உண்மையில் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மருந்து விஷயத்திலும் இவர் நடந்துகொண்ட முறை குறிப்பிடத்தக்கது. 2024 தொடக்கத்தில் அவன் மாத்திரையை எங்களுக்குத் தெரியாமல் நிறுத்தினான். எங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் கண்டிக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாத்திரை இல்லாத நாட்களில் எது நன்றாக இருக்கிறது, எது கடினமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். உடல் இறுகிப்போவதும், காலையில் எழ முடியாமல் போவதுமே அவன் நிறுத்தியதற்குக் காரணம். அவன் சம்மதத்தோடு மனநல மருத்துவருக்கு அவர் எழுதிய கடிதத்தை வைத்து, மருத்துவர் மருந்தை மாற்றினார். அதன்பின் மாத்திரை நிற்கவில்லை. உளச்சிகிச்சையாளரும் மனநல மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இடங்களில் நோயாளிதான் நடுவில் மாட்டிக்கொள்கிறார் என்பதால், சேருவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தே வேண்டாம், பேச்சே போதும் என்று உறுதியளிக்கிற சிகிச்சையாளரிடமிருந்து விலகியிருங்கள்.

குடும்பத்துக்கான அமர்வுகள் இதுவரை 11 நடந்தன. இவற்றை வேறொரு சிகிச்சையாளர் நடத்தினார். அம்மாவின் வளர்ப்பு நோய்க்குக் காரணம் அன்று என்பதை முதல் அமர்விலேயே அவர் நேரடியாகச் சொன்னார். அம்மா அங்கேயே அழுதார். அதே சமயம், ஓயாத குறை கூறலும் அளவுமீறிய கவலையும் நிறைந்த வீடுகளில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவரோடு பணியாற்றியவர்களும் கண்டதை எங்களுக்குப் புரியும்படி விளக்கி, நோயைக் கொண்டுவந்தது நீங்கள் அல்ல, ஆனால் வீட்டின் பேச்சை நீங்கள் மாற்றலாம் என்றார். நாங்கள் மாற்றியது சின்னச் சின்னப் பழக்கங்களைத்தான். ‘மாத்திரை போட்டாயா’ என்று மூன்று பேரும் தனித்தனியே கேட்பதை நிறுத்தினோம். அவன் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறோம்.

செலவைப் பற்றி: முழு அமர்வுக்கு 1,500 ரூபாய். தொடக்கத்தில் வாரம் ஒருமுறை, இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதால்தான் எங்களால் இதைத் தாங்க முடிகிறது. எங்கள் மருத்துவக் காப்பீடு இந்த அமர்வுகளுக்கு எதுவும் தரவில்லை. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், ஆனால் அதை அவர்களாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். இதை மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே திரும்பிப் போகிறவர்கள் இருப்பார்கள். இவ்வளவு கட்ட இயலாதவர்கள், சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக 1984 இல் தொடங்கிய ஸ்கார்ப் போன்ற தொண்டு நிறுவனங்களையும் விசாரிக்கலாம். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால், ஒன்றிய அரசின் தொலைபேசி வழி மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. காத்திருக்கும் கூடத்தில் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழைக்கிறார்கள். இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் இது மாறவில்லை. முதல் அமர்வுக்கு ஐந்து வாரம் காத்திருக்க நேர்ந்தது. சைக்கோசிஸ் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு ஐந்து வாரம் என்பது மிக நீண்ட காலம். ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு அழைத்தால் எடுப்பதற்கு ஆளில்லை. சிகிச்சையாளர் நீண்ட விடுப்பில் போனபோது ஆறு வாரம் முன்பே தம்பியிடம் சொல்லி, எந்தத் தேதியில் திரும்புவார் என்பதை எழுதியும் கொடுத்திருந்தார். அவர் சொன்னபடி திரும்பியும் வந்தார். ஆனால் இடைக்காலத்துக்கு நிலையம் ஏற்பாடு செய்த மாற்றுச் சிகிச்சையாளர் கோப்பைப் படிக்காமலேயே வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். அந்த அமர்வுக்கான பணத்தை நாங்கள் திரும்பக் கேட்டோம், கொடுத்துவிட்டார்கள்.

இந்த மதிப்புரையை எழுதும் முன் தம்பியிடம் அனுமதி கேட்டேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். நான் கவனிக்காத ஒரு குறையைச் சேர்க்கவும் சொன்னான்: சிகிச்சை அறையின் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, அந்தச் சத்தத்தோடு இந்தச் சத்தமும் சேர்ந்துகொள்வதால் அவர் பேசுவது சில நேரம் சரியாகக் கேட்பதில்லை, அதை மாற்றித் தர வேண்டும்.